டாக்டருக்கும் ஒரு ராத்திரி வேண்டும்

ராத்திரி பதினொன்றரை மணிக்கு வட்டாரக் குரூப்பில் ஒரு கூகுள் ஷீட் வந்து விழுகிறது. காலை 8 மணிக்குள் நிரப்ப வேண்டுமாம், மிக மிக அவசரமாம். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவான கர்ப்பிணிகளில் ரத்தசோகை உள்ளவர்கள் எத்தனை பேர், ரத்த அழுத்தம் கூடியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார்கள். இதே விவரத்தை எங்கள் கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனியாக, கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் பிக்மி தளத்தில் ஏற்றி முடித்துவிட்டார். மாத அறிக்கையில் மொத்தக் கணக்காக இன்னொரு தளத்துக்கும் போய்விட்டது. ஹை ரிஸ்க் மதர் பட்டியலாக வேறொரு குரூப்பிலும் கிடக்கிறது. மூன்று இடத்தில் இருப்பதை நான்காவது இடத்தில் கேட்கிறார்கள். கேட்கிறவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவரை அவருக்கு மேலே இருப்பவர் பதினொன்றேகாலுக்குக் கேட்டிருப்பார்.

நோயாளிக்காக எழுப்பப்படுவதில் எனக்கு வருத்தமே இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். சேர்கிறபோதே தூக்கம் முழுசாக நமக்குச் சொந்தமில்லை என்று தெரிந்துதான் சேர்கிறோம். தஞ்சாவூர்ப் பக்கம் ராத்திரியில் கதவு தட்டப்படாத டாக்டர் வீடு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ‘பத்து ரூபாய் டாக்டர்’ என்றே பெயர் வாங்கி, 2025-இல் தம் 96-ஆவது வயதில் மறைந்த பட்டுக்கோட்டை டாக்டர் கனகரத்தினம் போன்றவர்கள் வாழ்ந்த மண் இது. அந்தத் தலைமுறையின் கதவைத் தட்டியவர்களுக்குப் பின்னால் பிரசவ வலியோ, ஜன்னி கண்ட குழந்தையோ, பாம்புக்கடியோ இருந்தது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தால் மனசு நிறைந்து தூக்கம் வரும். என்னை எழுப்புகிற போனுக்குப் பின்னால் பத்துக்கு ஒன்பது தடவை ஒரு கட்டம் போட்ட பட்டியல்தான் இருக்கிறது. அதை நிரப்பிவிட்டுப் படுத்தால் தூக்கமும் வருவதில்லை, யாருக்கும் ஏதும் செய்தோம் என்ற நிம்மதியும் இல்லை.

டெல்டாவில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருத்துவ அலுவலர். என் போனில் உள்ள அலுவலகக் குரூப்களைக் கேளுங்கள். மாவட்டக் குரூப், வட்டாரக் குரூப், டெங்குக் குரூப், தடுப்பூசிக் குரூப், காசநோய்க் குரூப், மக்களைத் தேடி மருத்துவம் குரூப், தாய்சேய் ரெஃபரல் குரூப், மருந்து இருப்புக் குரூப், கட்டட வேலைக்கு ஒரு குரூப், ஜூம் மீட்டிங் லிங்க் அனுப்புவதற்கென்றே ஒரு குரூப். பலவும் 2020-இல் கொரோனாவுக்காக ஆரம்பித்தவை. அன்று அவை இல்லாமல் நாங்கள் தவித்திருப்போம். எங்கே ஆக்சிஜன் படுக்கை காலி, எந்தத் தெருவில் புதுக் காய்ச்சல் என்பதெல்லாம் நிமிஷத்தில் தெரிந்தது. 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசி போட ஆரம்பித்தபோது இன்னும் சில சேர்ந்தன. தொற்று அடங்கிய பிறகு அவற்றைக் கலைக்க யாருக்கும் தோன்றவில்லை. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த அவசர காலத்தில் பழகிய வேகமும் அப்படியே நின்றுவிட்டது. குரூப்பை விட்டு வெளியே வந்தால் மறுநாள் ‘ஏன் லெஃப்ட் ஆனீங்க டாக்டர்?’ என்று விளக்கம் சொல்ல வேண்டும். பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருந்தால் பெயரைக் குறிப்பிட்டு மறுபடி ஒரு மெசேஜ் வரும். அதனால் எல்லாரும் ‘நோட்டட் சார்’, ‘நோட்டட் மேடம்’ என்று போடுகிறோம். ஒரு உத்தரவுக்கு அறுபது நோட்டட்.

முகாம் போட்டால் போட்டோ வேண்டும், அதுவும் இடமும் நேரமும் பதிந்த ஜி.பி.எஸ். போட்டோ. குடிநீர்த் தொட்டியில் குளோரின் போட்டால் அதற்குப் பக்கத்தில் நின்று போட்டோ, சத்துணவுக் கூடத்தைப் பார்வையிட்டால் பானைக்குப் பக்கத்தில் போட்டோ. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வரும் நாள் என்பது தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையில் எல்லாருக்கும் தெரியும். புதன்கிழமை தடுப்பூசி நாள். அந்த இரண்டு நாளிலும் காலை பத்தரைக்கு ஜூம் ரிவ்யூ வைக்கிறார்கள். வரிசையில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு தாய்மார்கள் உட்கார்ந்திருக்க, ‘டாக்டர், உங்க வீடியோவை ஆன் பண்ணுங்க’ என்று குரல் வருகிறது.

வடிகால் ஓரத்து ஊரிலிருந்து ஒரு அம்மா சேத்துப்புண் காட்ட வந்திருந்தார். நடவு வேலை. நாளெல்லாம் சேற்றுத் தண்ணீரில் நின்று கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து பிளந்திருந்தது. சர்க்கரை இருந்து, கவனிக்காமல் விட்டால் விரலையே எடுக்கும்படி ஆகிவிடுகிற புண் அது. காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். நான் குனிந்தேன், போன் அடித்தது. பேசி வைத்தேன், மறுபடி அடித்தது. இருப்பில் எத்தனை ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கிறது என்று கேட்டார்கள். அந்த அம்மா கோபப்படவில்லை. “நீங்க பேசுங்க தாயி, நான் இன்னொரு நாளு வர்றேன். நடவாளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க” என்று காலைக் கீழே இறக்கினார். கையைப் பிடித்து உட்கார வைத்து மருந்து போட்டு அனுப்பினேன். ஆனால் இன்னொரு நாள் என்பது அவருக்கு ஒரு நாள் கூலி என்பது எனக்குத் தெரியும்.

இது எங்கள் ஊரின் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், டாக்டர்கள் நோயாளியோடு முகம் பார்த்துச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தைக் கம்ப்யூட்டர் பதிவிலும் மேசை வேலையிலும் செலவிடுகிறார்கள் என்று கண்டார்கள். அதற்கும் மேலே வீட்டுக்குப் போய் ராத்திரியில் ஒன்றிரண்டு மணி நேரம். அவர்களுக்குப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு நோயாளி என்று முறை இருக்கிறது. எங்கள் ஓ.பி.யில் ஒருவருக்கு மூன்று நிமிஷம் கிடைத்தால் பெரிது. அந்த மூன்று நிமிஷத்தில் நாடி பார்ப்பேனா, என்ட்ரி போடுவேனா?

நோயாளிகளின் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், மனசு நோகாமல் சொல்லப் பார்க்கிறேன். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டிப் பக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறான். தாய் தனியாக இங்கே. டாக்டர் நம்பர் கிடைத்ததும் அவன் உயிரைப் பிடித்துக்கொண்ட மாதிரி பிடித்துக்கொள்கிறான். சிங்கப்பூரில் வேலைக்குக் கிளம்புகிற காலை ஆறு மணி, இங்கே ராத்திரி மூன்றரை. துபாயில் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்புகிற பத்து மணி, இங்கே பதினொன்றரை. அம்மாவின் சர்க்கரை ரிப்போர்ட், மாத்திரை அட்டையின் போட்டோ, ‘டாக்டர், பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க’ என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். அந்தக் குரலில் இருக்கிற தவிப்பு பொய்யில்லை. ஆனால் மங்கலான போட்டோவை வைத்துக்கொண்டு இன்சுலின் அளவை மாற்றச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்டது. வாட்ஸ்அப் வழியாகவும் ஆலோசனை சொல்லலாம் என்று அதில் அனுமதி இருக்கிறது. நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று டாக்டர் நினைத்தால் அப்படிச் சொல்லும் உரிமையும் அதே நெறிகளில் இருக்கிறது. முதலாவதை எல்லாரும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். இரண்டாவதை நான் சொன்னால் ‘டாக்டரம்மாவுக்கு இப்ப திமிரு வந்துடுச்சு’ என்று ஊருக்குள் பேச்சு வருகிறது.

என் கண்ணும் கவனமும் உண்மையில் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். சம்பா அறுவடை நேரம், தை மாசி. வயலில் கண்ணாடி விரியன். கடித்தால் ரத்தம் உறையாமல் போகும். கடிபட்டவரின் ரத்தத்தைச் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிஷம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்திருந்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருக்கிறதா, தண்ணீராக ஓடுகிறதா என்பதில் ஒரு உயிரின் கதை தெரிந்துவிடும். கட்டுவிரியன் இன்னும் மோசம். தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களைக் கடிக்கும். வலிக்காது, பல நேரம் பல் பட்ட இடம்கூடத் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி என்று வருவார்கள். இமை லேசாகச் சரிகிறதா என்று பார்க்க வேண்டும். பேச்சு குழறுகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் பார்க்க வேண்டும். அடுத்தது மூச்சுத் தசைகள். விஷமுறிவு மருந்து ஏற்ற ஆரம்பித்தால் அதுவே சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. மிகச் சரியான முடிவு, இருகை கூப்பி வரவேற்கிறேன். எந்த ஊரில் எந்த மாதத்தில் கடி அதிகம் என்று தெரிந்தால்தானே மருந்தை முன்கூட்டி அங்கே இருப்பு வைக்க முடியும். ஆனால் அந்தப் பதிவைப் போட எங்கள் நிலையத்தில் ஒரு ஆள்கூட அதிகமாக வரவில்லை. இமையைப் பார்த்துக்கொண்டிருக்கிற அதே டாக்டரும், மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிற அதே செவிலியரும்தான் போட வேண்டும். ஒவ்வொரு திட்டமும் இப்படித்தான் வருகிறது. திட்டம் நல்லது, ஆள் பழைய ஆள்.

போனால் வந்த நன்மையை மறந்து பேசுகிறவள் இல்லை நான். பிரசவச் சிக்கலில் ஒரு பெண்ணை 108-இல் ஏற்றி தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, வண்டி கிளம்புகிற நேரத்திலேயே அவளுடைய ரத்த வகையும் அழுத்தமும் ரெஃபரல் குரூப்பில் போய்விடுகின்றன. அவள் போய் இறங்கும்போது அங்கே தயாராக நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 134 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்த காலம் 2001-03. 2018-20 கணக்கில் அது 54. அப்போது இந்திய சராசரி 97. இந்த இறக்கத்தில் வீடு வீடாக நடந்த செவிலியர்களின் காலும் இருக்கிறது, தகவல் உடனுக்குடன் போய்ச் சேர்ந்ததன் பலனும் இருக்கிறது.

என் வயிற்றெரிச்சலே அங்கேதான். அந்த உயிர் காக்கிற குரூப்பிலேயே ஒரு இரவு, ஜன்னி வரும் நிலையில் இருந்த தாயைப் பற்றிய மெசேஜுக்கு மேலே பிறந்தநாள் வாழ்த்தும், மாலை போட்ட சாமி படமும், ‘வாழ்த்துகள் சார்’ வரிசையும் வந்து அதை மூடிவிட்டன. செவிலியர் புத்திசாலி, போன் போட்டும் சொல்லிவிட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஆபத்து நன்றாகத் தெரியும். மானிட்டர்கள் ஓயாமல் கூவிக்கொண்டே இருந்தால் காது மரத்துப்போய், உண்மையான அபாய ஒலிக்கும் கை எழாமல் போகும். மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் அமெரிக்க அமைப்பு ஒன்று 2013-இலேயே இதற்கு எச்சரிக்கை விடுத்தது. போனை சைலன்ட்டில் போட்டால் அந்தத் தாயை விட்டுவிடுவோமோ என்று பயம். சத்தத்தோடு வைத்தால் ஓ.ஆர்.எஸ். கணக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாங்கள் தினமும் படுக்கிறோம்.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் பணிச்சோர்வைப் பற்றி எழுதியது. அதை நோய் என்று சொல்லவில்லை, வேலையால் வருகிற நிலை என்று சொன்னது. சக்தியெல்லாம் வற்றிப்போவது, செய்கிற வேலையிலிருந்து மனசு விலகி வெறுப்பு தட்டுவது, நாம் செய்வதால் என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றிவிடுவது என மூன்று அடையாளம் கொடுத்தது. மூன்றையும் என் கூடப் படித்தவர்களிடம் பார்க்கிறேன். கிராமத்தில்தான் வேலை பார்ப்பேன் என்று சொல்லி வந்த பெண் ஒருத்தி, இப்போது நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் சீட்டு எழுதுகிறாள். கேட்டால், “பாத்தா பேசுவாங்கடி, பேசினா நேரம் ஆகும்” என்கிறாள். அவள் கெட்ட டாக்டர் ஆகிவிடவில்லை. அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை.

மருத்துவக் கல்லூரியில் இருக்கிற பிள்ளைகளின் நிலை இன்னும் பரிதாபம். பயிற்சி டாக்டர்களுக்கு வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று மத்திய அரசு 1992-இலேயே எழுதிவைத்தது. 2024-இல் மாணவர் மனநலத்துக்காகத் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டாமலாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்திருக்கிறது. அந்த 74-லும் வார்டை விட்டு வந்த பிறகு யூனிட் குரூப்பில் ஓடுகிற வேலை சேர்த்தி இல்லை. கல்லூரி ஆசிரியர்களுக்கு 2025 மே 1 முதல் போனில் முகம் காட்டி, இருக்கும் இடத்தையும் காட்டி வருகைப் பதிவு. வேலைக்கு வந்தாரா என்று கண்காணிக்க இத்தனை கருவி செய்தவர்கள், வேலை முடிந்து வீட்டுக்குப் போனாரா என்று பார்க்க ஒன்றும் செய்யவில்லை.

காவிரிக்கே ஒரு முறை வைத்திருக்கிறோம். ஜூன் 12 மேட்டூர் திறப்பு, ஜனவரி 28 மூடல். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூடுகிற தேதி என்று ஒன்று மனசில் இருக்கிறது, நிலமும் அதை வைத்துத்தான் உளுந்துக்கும் தரிசுக்கும் திரும்புகிறது. டாக்டரின் போனுக்கு அப்படி ஒரு மூடல் தேதி வேண்டாம், ஒரு மூடல் மணியாவது வேண்டாமா?

போனே ஓய்ந்துபோன நாட்களையும் பார்த்திருக்கிறோம். கஜா புயல் 2018 நவம்பர் 16 விடிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, செல்போன் கோபுரங்கள் சாய்ந்து, மின்சாரம் பல இடங்களில் வாரக்கணக்கில் வரவில்லை. முகாம்களில் வேலை பார்த்த எங்களுக்குக் கையில் ஒரு நோட்டும் பேனாவும்தான். பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமில்லை, அந்த நாட்கள் திரும்ப வரவே வேண்டாம். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களில் வந்தவர்களை முழுசாகப் பார்த்தோம், பார்த்ததை எழுதினோம், சாயங்காலம் கணக்கு எடுத்து அனுப்பினோம். ஒரு நாளைக்கு ஒரு தடவை அனுப்பிய கணக்கை வைத்தே மருந்தும் வந்தது, ஆட்களும் வந்தார்கள்.

வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பிலிருந்து விலகி இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017 முதல் சட்டமாக வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. நம் நாடாளுமன்றத்தில் எம்.பி. சுப்ரியா சுலே கொண்டுவந்த 2018-ஆம் ஆண்டு தனிநபர் மசோதா அப்படியே நின்றுபோனது. டாக்டருக்கு அந்தச் சட்டத்தை அப்படியே போட முடியாது என்று எனக்குத் தெரியும், போடவும் கூடாது. எங்களுக்குத் தேவை சட்டம்கூட இல்லை, மாவட்டத்தில் ஒரு சுற்றறிக்கை போதும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு ஒரே குரூப், அதில் வாழ்த்தும் கூடாது, நோட்டட்டும் கூடாது. அவசரம் என்றால் மெசேஜ் போடாமல் போன் செய்யுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எந்தக் கணக்கும் கேட்காதீர்கள். ஒரு தளத்தில் ஏற்றிய எண்ணை மறுபடி எங்களிடம் கேட்காமல் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குத்தானே தளம் கட்டினீர்கள். வட்டாரத்துக்கு ஒரு டாக்டர் ராத்திரி அழைப்புக்கு என்று முறை வைத்து, மற்றவர்களைத் தூங்க விடுங்கள். செவ்வாயும் புதனும் ஓ.பி. நேரத்தில் ஜூம் வைக்காதீர்கள். பதிவு போட நிலையத்துக்கு ஒரு ஆள் கொடுங்கள். படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகள் ஊரில் ஏராளம்.

பொதுமக்களிடமும் ஒன்று கேட்கிறேன். பாம்பு கடித்தால், நெஞ்சு வலித்தால், குழந்தைக்கு வலிப்பு வந்தால், கர்ப்பிணிக்குத் தலைவலியோடு கண் மங்கினால், யாரையும் கேட்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். என்னையும் கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும் எடுக்கிறேன். மாத்திரை அட்டையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் மட்டும் காலை 9 மணிக்கு ஓ.பி.க்கு வரட்டும். அம்மாவைக் கையோடு அழைத்து வாருங்கள், உட்கார வைத்து நிதானமாகப் பார்க்கிறேன்.